வீல் ஆஃப் டைம் பத்தாம் புத்தகம்: பல வருடம் பழகிய பிறகு

"பத்தாவதை மட்டும் விட்டுடு. சுருக்கம் கிடைக்குது, அதைப் படிச்சுட்டு நேரா பதினொண்ணுக்குப் போயிடு." வீல் ஆஃப் டைம் என்ற மாயாஜால நாவல் வரிசையில் கால் வைக்கிற எவருக்கும் யாராவது ஒருவர் இந்த அறிவுரையைச் சொல்லிவிடுவார். ராபர்ட் ஜோர்டனின் பத்தாம் புத்தகம் 'க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்' 2003 ஜனவரியில் வந்தது. அன்றிலிருந்து அது வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பதினான்கு புத்தகம், கூடவே ஒரு முன்கதை என்று நீளும் வரிசையில் இதுதான் கடைசி இடம் என்பதில் ரசிகர்களுக்குள் பெரிய சண்டையே கிடையாது. பொடி எழுத்துப் பேப்பர்பேக்காகவும், வரிசை முடிந்தபின் மறுவாசிப்பாகவும், பிறகு ஒலிப்புத்தகமாகவும் இதோடு வருடக்கணக்கில் பழகிவிட்டேன். திட்டியவர்களின் எரிச்சல் நியாயமானது. அவர்கள் சொன்ன காரணம்தான் எனக்குப் பாதிக்கு மேல் ஒட்டவில்லை. கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன், இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

வழக்கமான குற்றச்சாட்டு "இதில் ஒன்றுமே நடக்கவில்லை" என்பது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று புரிய, வெளியான தேதிகளைப் பார்க்க வேண்டும். முதல் புத்தகம் 1990 ஜனவரி, இரண்டாவது அதே வருட நவம்பர், மூன்றாவது 1991. கட்டைகட்டையான புத்தகங்களை இந்த வேகத்தில் கொடுத்த மனுஷன், 1994இல் வந்த ஆறாவதுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று இறங்கிவிட்டார். 1996இல் வந்த ஏழாம் புத்தகத்தின் முடிவில் முக்கிய நாயகர்களில் ஒருவனான மேட் மேல் ஒரு சுவர் இடிந்து விழுகிறது. 1998இல் எட்டாவது வருகிறது. அதில் மேட் ஒரு காட்சியில்கூட இல்லை! ஆள் பிழைத்தானா என்று தெரிந்துகொள்ள 2000 நவம்பர் வரை, அதாவது நான்கு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அப்போது வந்த ஒன்பதாவது நன்றாகவும் இருந்தது. ஆண்கள் பயன்படுத்தும் மாயசக்தியான சயிதீனில் ஆயிரக்கணக்கான வருடமாகக் கலந்திருந்த விஷத்தை, ஷாடார் லோகோத் என்ற சபிக்கப்பட்ட நகரத்தை வைத்துக் கதாநாயகன் ராண்ட் சுத்தம் செய்துவிடுகிறான். வரிசையின் மிகப்பெரிய திருப்பங்களில் ஒன்று அது. இனி என்ன ஆகும் என்று வாசகன் நகத்தைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் பத்தாவதைத் திறக்கிறான். கதை முன்னே போகவில்லை, பின்னே போயிருக்கிறது. ஜோர்டன் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, அந்தச் சுத்திகரிப்பு நடந்த நாளுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து மறுபடி அந்த நாளுக்கு நடத்திக்கொண்டு வருகிறார். கலகக்காரப் பெண்களின் தலைவி எக்வீன் முகாமிலும், இளவரசி எலேன் அரண்மனையிலும், பெரினோடு பனிக்காட்டிலும், மேட்டோடு ஓடுபவர்களிலும் சக்தி உள்ள பெண்கள் தொலைதூரத்தில் ஏதோ பெரிதாக எரிவதை உணர்ந்து, அது என்னவாக இருக்கும் என்று கலங்குகிறார்கள். நமக்கு முன்பே தெரியும். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவனை நிறுத்தி, நாலு பேர் மாறிமாறி டிரெய்லர் காட்டுவது மாதிரி. ராண்டுக்கு என்ன ஆனது என்று பார்க்க வந்தவனுக்கு, அவன் ஒரு அத்தியாயத்தில் களைத்துப்போய்த் தலை காட்டுவதோடு சரி.

என் கணிப்பில் புத்தகத்தின் உண்மையான கோளாறு இந்தக் கடிகாரம்தான். இந்த அமைப்பு தான் நினைத்தபடி கைகூடவில்லை என்று ஜோர்டனே பின்னால் ஒப்புக்கொண்டார். சம்பவம் குறைவு என்பதைவிட, சம்பவம் எல்லாம் புத்தகத்தின் கடைசிக் கால்பங்கில் போய் நிற்கிறது என்பது சரியாக இருக்கும்.

பெரின் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மனைவி ஃபயீலை ஷைடோ என்ற போர்க்குலத்தார் பிடித்துக்கொண்டு போனது 1998இல் வந்த எட்டாவதில். அவள் மீண்டது 2005இல் வந்த பதினொன்றாவதில். கதைக்குள் அது ஏறக்குறைய இரண்டு மாதம். வெளியே ஏழு வருடம். பெரின் தோல் கயிறு ஒன்று வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு முடிச்சுப் போடுகிறான். 2003 வாசகனுக்கு அந்த முடிச்சு கழுத்தில் விழுந்த மாதிரி இருந்திருக்கும். "இன்னுமா தேடுற?" என்று அவன் கத்தியதில் தப்பே இல்லை. பதினொன்றாவதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறவனுக்கோ இது ஒரு மனிதன் மெல்ல மெல்லக் கெட்டுப்போகிற கதை. தானியம் வாங்க ஸோ ஹாபர் என்ற ஊருக்குப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் குளித்துப் பல நாள் ஆகியிருக்கும். தானியம் முழுக்க வண்டு. இருட்டினால் செத்தவர்கள் தெருவில் நடக்கிறார்கள். யாரும் அதைப்பற்றி வாயைத் திறப்பதில்லை. பெரினுக்கு ஊரின் கதியைப் பற்றி யோசிக்கக்கூட மனமில்லை, மூட்டை கிடைத்தால் போதும். முதல் புத்தகத்தில் நாம் பார்த்த கொல்லன் பையன் இப்படி ஆகிவிட்டான் என்பதுதான் அங்கே பயமுறுத்துவது, ஆவிகள் இல்லை.

பிறகு வருகிற இருபத்தேழாம் அத்தியாயம். பிடிபட்ட ஷைடோ கைதிகளிடம் தகவல் கறக்க வேண்டும். பெரின் கோடரியை எடுத்து ஒருவன் கையை வெட்டுகிறான். மற்றவர்களுக்குக் கை கால் போனபின் எப்படிப் பிழைப்பீர்கள் என்று நிதானமாக விளக்குகிறான். முடிந்ததும் அந்தக் கோடரியை ஒரு மரத்தில் ஆழ இறக்கிவிட்டு, அப்படியே விட்டுப் போகிறான். கோடரியா சுத்தியலா, அதாவது சண்டையா கொல்லு வேலையா என்று பல புத்தகங்களாக இழுத்துக்கொண்டிருந்த கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது, பதிலுக்கு அவன் கொடுத்த விலையோடு சேர்த்து. சுருக்கத்தில் இது ஒரு வரி. "பெரின் கைதியைச் சித்திரவதை செய்கிறான், கோடரியைக் கைவிடுகிறான்." அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பத்தாவதைத் தாண்டியவர்களோடு பேசிப் பாருங்கள், பெரினைப் பற்றி வேறு ஏதோ பாத்திரத்தைப் போலப் பேசுவார்கள்.

மேட்டும் டுவானும் சர்க்கஸ் கூட்டத்தோடு ஒளிந்து போகும் பகுதி எனக்கு எப்போதும் பிடிக்கும். தன் வருங்கால மனைவி இவள்தான் என்று தெரிந்த ஒருவன், தான் கடத்திக்கொண்டு வந்த பெண்ணிடமே பயந்து பயந்து பழகுவது ஜோர்டனுக்குக் கைவந்த நகைச்சுவை.

எலேன் பகுதிக்கு வக்காலத்து வாங்க என்னிடம் எதுவும் இல்லை. சிம்மாசனத்துக்குப் பெரிய குடும்பங்களின் ஆதரவைச் சேர்க்கும் அரசியல், கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் வருவதென்னவோ குளியல், தேநீர், உடையின் பூவேலை, யார் எங்கே உட்கார்ந்தார்கள், அதற்கு யார் முகம் சுளித்தார்கள். மறுவாசிப்பிலும் இது சுவை கூடவில்லை. முன்னுரைப் பகுதியும் ஒரு குறுநாவல் நீளம். நமக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும் ஆட்கள் வரிசையாக வந்து போகிறார்கள். புத்தகம் வருவதற்கு முன்பே இதைத் தனி மின்நூலாகக் காசுக்கு விற்றார்கள் என்பது எரிகிற தீயில் எண்ணெய்.

இந்த இடங்களில் ஒலிப்புத்தகம் கை கொடுக்கிறது. ஆண் பாத்திரங்களின் பார்வையில் வரும் அத்தியாயங்களை மைக்கேல் க்ரேமரும் பெண்களுடையதைக் கேட் ரீடிங்கும் வாசிக்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கும்போது கவுனின் நூல்வேலையைக் கேட் ரீடிங் குரல் தாங்கிப் பிடித்துவிடுகிறது; கவனம் நழுவினாலும் நஷ்டம் இல்லை. பெரின் அத்தியாயங்களுக்கு மட்டும் புத்தகத்தையே எடுப்பேன்.

அந்தக் காலத்து அமேசான் விமர்சனங்கள் தனி இலக்கியம். ஜோர்டன் நடையைக் கேலி செய்து, ஒரு பெண் பாவாடையை நீவிவிட்டுச் சடையை இழுப்பதைப் பத்தி பத்தியாக எழுதி ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் பலர். அதே புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடத்துக்கும் போனது. திட்டியவர்களும் காசு கொடுத்து வாங்கித்தான் திட்டினார்கள். நட்சத்திரம் எப்போதும் புத்தகத்தைத்தான் அளக்கிறது என்று நான் நம்புவதில்லை. 2013இல் கடைசிப் புத்தகம் வந்தபோது மின்நூலை ஏப்ரல் வரை தள்ளிவைத்தார்கள். அந்தக் கோபத்தில், ஒரு பக்கம்கூடப் படிக்காமலே ஒரு நட்சத்திரம் குத்தினார்கள். 2003இல் விழுந்ததில் எத்தனை பங்கு அந்த இரண்டு வருடக் காத்திருப்புக்குப் போனது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"இவர் சாவதற்குள் முடிப்பாரா?" என்பது அன்று சகஜமான கேலி. 2005 அக்டோபரில் பதினொன்றாவது வந்து பழைய வேகத்தைக் காட்டியது; கேலி அடங்கியது. அடுத்த வருடமே இதயத்தைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் என்ற நோய் தனக்கு இருப்பதாக ஜோர்டன் அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று, 58 வயதில் இறந்தார். மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன், குறிப்புகளை வைத்துக்கொண்டு மூன்று புத்தகங்களில் கதையை முடித்தார். அதனால் ஜோர்டன் கையாலேயே வந்த பிரதான புத்தகங்களில் இது கடைசிக்கு முந்தையது. இன்று படிக்கும் சிலர் அதற்காகவே இதன் மெதுவான பக்கங்களை மன்னித்துவிடுகிறார்கள். நான் மன்னிக்கவில்லை, எலேன் குளியல் குளியல்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் சிபாரிசு: பதினொன்றாவது கையில் இல்லாமல் பத்தாவதைத் தொடாதீர்கள். எக்வீன் டார் வாலோன் நகரத்தின் துறைமுகச் சங்கிலியில் கை வைத்து எதிரிகளிடம் மாட்டிக்கொள்ளும் இடத்தில் இது முடிகிறது. அங்கே நிறுத்திவிட்டு இன்னொரு புத்தகத்துக்கு ஆர்டர் போட்டுக் காத்திருந்தால் உங்களுக்கும் அந்த 2003 காய்ச்சல் வந்துவிடும். முன்னுரையை வேகமாகப் புரட்டுங்கள். எலேன் வரும்போது கண்ணை ஓட்டிக்கொண்டே போகலாம், கதைக்குத் தேவையானதைப் பதினொன்றாவது மறுபடி சொல்லிக்கொடுக்கும். ஸோ ஹாபரிலிருந்து இருபத்தேழாம் அத்தியாயம் முடிய மட்டும் ஒரு வரியும் தாண்ட வேண்டாம்.