பெயர்ப் பட்டியலில் நான்கு அல்காரிதங்கள்: என் தீர்ப்பு

ஒரே ஆள் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்த ஆங்கிலப் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒத்த பெயர்களைக் கண்டுபிடிக்கும் நான்கு அல்காரிதங்களை வைத்து இரண்டு நாள் இதோடுதான் மல்லுக்கட்டினேன்.

முதலில் சவுண்டெக்ஸ், பெயரை அதன் ஒலியை வைத்துக் குறியீடாக்கும் முறை. 1918-ல் காப்புரிமை பெற்ற கிழவர். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை மூன்று இலக்கமாகச் சுருக்குவார். ராபர்ட், ரூபர்ட் இருவருக்கும் ஆர்163 என்ற ஒரே குறியீடு! அதே சமயம், சி-யில் தொடங்கும் கேத்தரினும் கே-யில் தொடங்கும் கேத்தரினும் அவருக்கு வேறு வேறு ஆட்கள். முதல் எழுத்தைத் தொடவே மாட்டார் என்பதுதான் வினை. வேகத்துக்கு மட்டும் மதிப்பெண்.

1990-ல் வந்த மெட்டாபோனும் ஒலியைப் பார்ப்பதுதான்; அது இந்த கேத்தரின்களைச் சரியாகச் சேர்த்தது. ஆனால் ஆங்கில உச்சரிப்பு விதிகளை நம்பியே வாழ்கிறது.

லெவன்ஷ்டைன் ஒலியைக் கண்டுகொள்வதில்லை. எத்தனை எழுத்தைச் சேர்த்து, நீக்கி, மாற்றினால் ஒரு சொல் இன்னொன்றாகும் என்று எண்ணும், அவ்வளவுதான். தட்டச்சுப் பிழைக்கு அருமை. சரி, தமிழில் எப்படி என்று பார்த்தேன். 'பழம்' என்பதிலிருந்து 'பலம்' ஒரு படி தூரம். 'படம்' என்பதும் ஒரு படிதான்! ழகரம் லகரமாவது நாம் தினமும் காதில் கேட்கும் பிழை, டகரமாவது அப்படியில்லை. அப்புறம் ல, ள, ழ மாற்றத்துக்கு மட்டும் ஒரு படிக்குப் பதில் அரைப் படி என்று கணக்கிட்டேன். உடனே பலன் தெரிந்தது.

ஜாரோ-விங்க்ளர் இரண்டு சொற்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று புள்ளி போடும்; சொல்லின் தொடக்கம் ஒத்துப்போனால் கூடுதல் புள்ளி தரும். குட்டிப் பெயர்களுக்கு இதையே வைத்துக்கொண்டேன்.