ஐந்து ரோடு சிமுலேட்டர் மையம்: தரையிறக்கப் பயிற்சி எப்படி?

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இயங்கும் விமான சிமுலேட்டர் மையம் பொழுதுபோக்குக்காகவே தொடங்கப்பட்டது என்றாலும், சிறிய விமானத்தைத் தரையிறக்க அங்கே சொல்லித்தரும் விதம் விமானியாக விரும்பும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மற்றவை குறித்து எழுத அதிகம் இல்லை. திரை தெளிவாக இருக்கிறது, இருக்கை வசதியாக இருக்கிறது.

பயிற்சிக்குத் தரப்படுவது செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் விமானம். இறங்குவது நம் காமலாபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை. சுமார் 1,800 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை செஸ்னாவுக்குத் தாராளம் என்பதால், கொஞ்சம் வேகமாக வந்தால் என்ன என்ற எண்ணம் புதியவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. விபத்துக்கான விதை அங்கேதான் விழுகிறது. இறங்கும்போது கடைசிக் கட்டத்தில் வேகம் 65 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் இருக்க வேண்டும். வேகம் 10 விழுக்காடு கூடினால் இயக்க ஆற்றல் 21 விழுக்காடு கூடுகிறது. அந்த மிகுதியைக் கரைக்க முடியாமல் விமானம் பாதைக்குச் சில அடி மேலே இறங்க மனமில்லாததுபோல் மிதந்துகொண்டே போகிறது. பொறுமையிழந்து விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினால் பின்சக்கரங்களுக்கு முன்பாக முன்சக்கரம் தரையில் மோதி விமானம் துள்ளும். அதை அடக்க மறுபடியும் அழுத்தினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். முன்சக்கரத்தின் கால் ஒடிந்து, புரொப்பெல்லர் தரையைக் கிழித்து நிற்பதில் அது முடியக்கூடும்.

இந்த மையத்தின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. துள்ளல் தொடங்கியதும் பயிற்றுநர் கையை நீட்டித் தடுப்பதில்லை. கடைசிவரை விட்டுவிட்டு, அதே தரையிறக்கத்தைப் பக்கவாட்டுக் காட்சியில் மெதுவாக ஓட்டி, எந்த நொடியில் கை கட்டுப்பாட்டுப் பிடியை முன்னே தள்ளியது, எந்தச் சக்கரம் முதலில் தொட்டது என்று விரலால் தொட்டுக் காட்டுகிறார். பிறகு அதே இடத்திலிருந்து தொடங்கி, துள்ளியவுடன் முழு விசை கொடுத்து மேலேறி ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்கிறார். இந்த ஒன்றைக் கை பழகும்வரை விடாமல் செய்ய வைப்பதற்காகவே இந்த மையத்தை மனமாரப் பரிந்துரைப்பேன்.

எஞ்சின் நின்றுபோனால் இறங்கும் பாடமும் நன்று. செஸ்னா 172 ஆயிரம் அடி உயரத்திலிருந்து காற்றில்லாத நிலையில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும். அதற்குள் இடத்தைத் தேர்ந்தாக வேண்டும். 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே சாலையில் அவசரமாக இறங்கியது, அதிலிருந்த இருவரும் உயிர் தப்பினர் என்பதை நினைத்தால், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்பாடம் எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

குறை காற்றில் இருக்கிறது. எப்போதும் காற்றே இல்லாத வானத்தில்தான் பயிற்சி தருகிறார்கள். ஆடி மாதத்தில் அம்மியே பறக்கும் என்று சொல்லும் ஊரில் இது போதாது. நான் கேட்டுக்கொண்ட பிறகு மேற்கிலிருந்து 15 நாட் காற்றை வைத்தார்கள். தென்மேற்கு நோக்கி இறங்கும்போது அதில் 11 நாட்டுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளும். அதைச் சமாளிக்க, மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடலை நிதானமாக மிதிக்க வேண்டும். இங்குள்ள பெடல்களோ காலுக்கு எந்த எதிர்ப்பும் தராமல் தளர்ந்து கிடக்கின்றன. தவறான மிதி காலில் படிந்துவிட்டால் உண்மையான விமானத்தில் அதை மாற்றுவது கடினம் என்பதால், பெடல்களை மாற்றும்வரை பக்கக்காற்றுப் பயிற்சியை இங்கே எடுக்காமல் இருப்பதே நல்லது. விமானம் அமிழும்போது வயிற்றில் தோன்றும் உணர்வும், அசையாத இந்த இருக்கையில் கிடைக்காது.

கட்டணம் அரை மணிக் கணக்கு. பாதி நேரம் விளக்கத்திலேயே போய்விடுவதால் ஒரு மணி நேரமாகப் பதிவு செய்வது மேல். இது டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற கருவி அல்ல. எனவே வணிக விமானி உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரத்தில் இந்த நேரம் சேராது. இதை வரவேற்பறையிலேயே எழுதி வைத்தால், பெரும் பணம் கட்டிப் பயிற்சிப் பள்ளியில் சேரக் காத்திருக்கும் குடும்பங்கள் தெளிவோடு முடிவெடுக்க முடியும்.