லண்டனா, கம்ப்ரியாவா? மழையைக் கேட்கும் முன் சுவரைப் பாருங்கள்

லண்டனை விட்டு வடக்கே போகலாமா என்று யோசிக்கும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி மழையைப் பற்றித்தான். இரண்டாவது, "அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்களா?" இரண்டாவதற்குப் பதில் சுலபம்: விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் வடமேற்கு லண்டனில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் கம்ப்ரியாவில், பென்ரித் பக்கம் ஈடன் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கல் வீட்டை வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஆகவே தராசு வடக்குப் பக்கம்தான் சாயும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வீட்டு விலை இங்கே லண்டன் சராசரியில் பாதிகூட ஆகாது. இரவில் ஆடு கத்தும், எப்போதாவது டிராக்டர் போகும், அவ்வளவுதான் சத்தம். கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு கார். பென்ரித்திலிருந்து லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். மாதத்துக்கு இரண்டு தடவை அலுவலகம் போகிறவர் சமாளிக்கலாம், வாரத்துக்கு மூன்று நாள் என்றால் வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் பகல் லண்டனைவிட அரை மணி நேரம் குறைவு. கோடையில் அதற்கு ஈடாகக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும்.

இன்டர்நெட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கிராமம் என்றால் வேகம் இருக்காது என்பது எப்போதும் உண்மையில்லை. லங்காஷயரில் 2011-ல் ஊர்மக்களே கூடித் தொடங்கிய பி4ஆர்என் என்ற அமைப்பு இருக்கிறது. விவசாயிகள் தங்கள் வயல்களில் காசு வாங்காமல் வழி விட்டார்கள், ஊர்க்காரர்களே பள்ளம் தோண்டி ஃபைபர் கேபிளைப் பதித்தார்கள். கம்ப்ரியாவிலும் அதன் கேபிள் ஓடும் கிராமங்களில் நொடிக்கு ஒரு கிகாபிட் கிடைக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் சொட்டுச் சொட்டாக வந்தாலும் வரலாம். வீடு பார்க்கப் போகுமுன் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சரி, மழைக்கு வருவோம். லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. பெய்கிறது. கம்ப்ரியாவின் கார்லைல் நகரில் 900-க்குச் சற்றுக் குறைவு. சென்னையில் 1,400. அளவைப் பார்த்தால் நமக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் சென்னை மழை தன் பங்கில் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் வெயில் காயும். இங்கே வருடம் முழுக்கத் தவணை முறையில் வரும். சுவர் நனைந்து காய்வதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும்.

"வடக்கு" என்று பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. ஏரி மாவட்டத்தில் போரோடேல் பள்ளத்தாக்கின் உள்ளே சீத்வெயிட் என்று ஒரு குக்கிராமம். இங்கிலாந்தில் மக்கள் குடியிருக்கும் இடங்களிலேயே மிக ஈரமானது அதுதான். ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அங்கிருந்து பென்ரித்துக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் பென்ரித்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து அங்கேயே இறக்கிவிடுகிறது, கிழக்கே இருக்கும் நாங்கள் மழை மறைவில் இருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைவதும் இந்தப் பக்கம் கோவை காய்வதும் இதே கணக்குதான். அழகுக்காக மலையடிவாரத்தில் வாங்குவதா, பத்துப் பதினைந்து மைல் தள்ளி வாங்குவதா என்ற கேள்வி, லண்டனா கம்ப்ரியாவா என்பதைவிடப் பெரியது. ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவுக்குள் வாங்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு: சில வீடுகளை உள்ளூர்க்காரர்கள் மட்டுமே வாங்கலாம் என்று நிபந்தனை இருக்கும், வெளித்தோற்றத்தை மாற்ற அனுமதி கிடைப்பதும் கடினம்.

ஆற்றோரம் பக்கமே போகாதீர்கள். 2015 டிசம்பர் 5 அன்று டெஸ்மண்ட் புயலில் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பெய்தது. கார்லைல், ஆப்பிள்பி, காக்கர்மவுத் எல்லாம் தண்ணீரில் நின்றன. கார்லைலுக்கு 2005-லும் இதே கதி. வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைக்க 2016-ல் ஃபிளட் ரீ என்ற திட்டம் வந்தது. ஆனால் 2009-க்குப் பிறகு கட்டிய வீடுகள் அதில் வராது, திட்டமும் 2039-ல் முடிகிறது. வீட்டு முகவரியைக் கொடுத்தால் வெள்ள அபாயம் எவ்வளவு என்று அரசு இணையதளம் இலவசமாகச் சொல்லும். மேட்டு நிலத்தில் வாங்கிவிட்டால் இந்தக் கவலையில் பெரும்பகுதி தீர்ந்தது.

இவ்வளவும் வீட்டுக்கு வெளியே இருக்கும் தண்ணீர். இந்த முடிவை உண்மையில் தீர்மானிப்பது வீட்டுக்குள் வரும் ஈரம், அதாவது ஓதம்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் செம்மணற்கல்லில் கட்டியவை. சுவர் அரை மீட்டருக்கு மேல் கனம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் சல்லியும் சுண்ணாம்பும். லண்டன் புறநகரில் 1930-களுக்குப் பிறகு கட்டிய பல வீடுகளில் இருப்பது போன்ற வெற்றிடம் நடுவில் கிடையாது. இந்தச் சுவர் மழையை உறிஞ்சும், காற்றடித்தால் வெளியே விடும். அப்படி வேலை செய்யத்தான் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். பிற்பாடு வந்த யாரோ ஒருவர் பளிச்சென்று இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசிவிடுவார், அதோடு போச்சு. சிமெண்டில் விழும் மெல்லிய விரிசலில் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. நாளடைவில் ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பு பூக்கும், அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும், சட்டைகளில் மக்கல் வாடை வரும்.

நாங்கள் பார்த்த வீடுகளில் பாதி இப்படித்தான் இருந்தன. விற்பவர் காபி போட்டு வைத்து வாசனையை மறைக்கப் பார்ப்பார். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். கூச்சப்படாதீர்கள், லட்சக்கணக்கில் பவுண்டு கொடுக்கப்போவது நீங்கள். வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். தோட்டத்து மண் வீட்டுத் தரையைவிட உயரமாக இருக்கிறதா? மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் சுவர் பச்சைப் பாசி பிடித்திருக்கிறதா? தரைக்கடியில் காற்று போக விட்ட ஓட்டைகளை யாராவது அடைத்திருக்கிறார்களா? கூரையில் ஸ்லேட் கல் ஓடு ஒன்றிரண்டு நழுவியிருக்கிறதா? பெரும்பாலான ஓதத்துக்குக் காரணம் இந்த நான்கில் ஒன்றுதான், சரிசெய்யவும் பெரிய செலவில்லை. சிமெண்டை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுவதுதான் பெரிய செலவு. அதைத் தெரிந்த கொத்தனாரும் கையில் நிறைய வேலை வைத்திருப்பார்.

இலவசமாக ஓதம் பார்த்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை. அவர்கள் சுவரில் குத்திப் பார்க்கும் கருவி மரத்துக்காக அளவு வைத்தது. கல்லிலும் உப்பு ஏறிய பூச்சிலும் அது எக்குத்தப்பாக எண் காட்டும், உடனே சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்பார்கள். சல்லி நிரப்பிய கல் சுவரில் அது சரியாகப் பரவுவதே சந்தேகம். பழைய கட்டடம் தெரிந்த, எதையும் விற்காத ஒரு சர்வேயருக்கு, அதாவது வீட்டைச் சோதித்து அறிக்கை தருபவருக்கு, பணம் கொடுத்து முழு சர்வே எடுங்கள்.

அப்புறம், ஈரத்தில் ஒரு பங்கு நாமே உண்டாக்குவது. இட்லி ஆவி, ரசம் கொதி, குளியல், வீட்டுக்குள் காயப்போடும் துணி, எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு லிட்டர் கணக்கில் காற்றில் ஏறும். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் முதல் நாளே கேட்டார்: "மாப்பிள்ளை, மழை விடவே மாட்டேங்குது, துணியை எங்கே காயப்போடுறது?" பதில், சின்ன அறை ஒன்றில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையரை ஓட விடுவது. குளிர்ந்த அறைக்குக் கம்ப்ரசர் வகை சரிப்படாது, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை வாங்குங்கள். மின்சாரம் கூடுதலாகத் தின்னும், ஆனால் வேலை நடக்கும். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, சுற்றி வந்து சமையலறைக்கே விடுகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று அலமாரிக்குள் இருக்கட்டும். 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி, 70-ஐத் தாண்டி அங்கேயே உட்கார்ந்தால் பூசணத்துக்கு அழைப்பு.

லண்டன் வீடு இவ்வளவு கவனம் கேட்காது என்பது உண்மை. ஆனால் அங்கே பயம் எதிர்த்திசையில் இருக்கிறது. லண்டனின் பெரும்பகுதி களிமண்ணில் நிற்கிறது. கோடையில் மண் காய்ந்து சுருங்கினால் அஸ்திவாரம் இறங்கி, சுவரில் விரிசல் ஓடும். 2022 வறட்சியில் அப்படி விரிசல் விட்டுக் காப்பீடு கேட்டவர்கள் ஏராளம். தெருவோர மரம் அழகு, அதன் வேர் அழகில்லை.

சூடேற்றும் செலவில் லண்டனுக்கே வெற்றி. இங்கே பல கிராமங்களில் எரிவாயுக் குழாய் கிடையாது. தோட்டத்தில் டேங்க் வைத்து மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும், பெரும்பாலும் குறைந்தது 500 லிட்டர் வாங்கச் சொல்வார்கள். மின்சாரம், எரிவாயுவுக்கு இருக்கும் விலை உச்சவரம்பு இதற்கு இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, மார்ச்சில் விலை எகிறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. கோடையில் நிரப்பி வைப்பவர்களே அதிகம். செப்டிக் டேங்க் இருந்தால், அதன் கழிவு நேராக ஓடையில் விழுகிறதா என்று கேளுங்கள். 2020 முதல் அதற்கு அனுமதியில்லை, மாற்றுவது பெரிய செலவு. அதை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

லண்டனை விட்டதில் உறுத்துவது மனிதர்கள்தான். ஹைகேட் முருகன் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை போய்விட்டு, வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும் வாழ்க்கை இங்கே கிடையாது. கோவில் என்றால் பிரஸ்டனுக்கோ நியூகாசிலுக்கோ காரில் போக வேண்டும். பிள்ளைகள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியை இழந்தார்கள். வீட்டில் நான் சொல்லிக்கொடுப்பது அதற்கு ஈடில்லை. வயதான பெற்றோரை உடன் வைத்திருப்பவர்களும் அடிக்கடி மருத்துவமனை போகிறவர்களும் தூரத்தை நன்றாக யோசிக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை இதுவரை வரவில்லை, ஆகவே இதில் என் பேச்சை அதிகம் நம்ப வேண்டாம்.

மழைதான் உங்கள் ஒரே தயக்கம் என்றால் நார்தம்பர்லாண்டையும் பாருங்கள். பென்னைன் மலைக்குக் கிழக்கே இருப்பதால் அதன் கடற்கரையில் லண்டன் அளவுக்கே மழை பெய்கிறது. ஆனால் கடற்காற்றில் குளிர் அதிகம். அங்கே நாங்கள் விடுமுறைக்குத் தங்கியதோடு சரி, ஒரு குளிர்காலத்தைக் கழித்துப் பார்க்கவில்லை.

மறுவிற்பனை பற்றிக் கேட்கிறார்கள். நாங்கள் இன்னும் விற்கவில்லை. அக்கம்பக்கத்தில் பார்த்தவரை, லண்டன் வீடு வாரக்கணக்கில் போகும் நிலவரத்தில் இங்கே மாதக்கணக்கில் நிற்கிறது. சீக்கிரம் போகும் வீடுகளில் சுண்ணாம்பு பூசிய ரசீதும், சாக்கடை மாற்றிய சான்றிதழும், கூரை பழுது பார்த்த படங்களும் ஒரு கோப்பில் தயாராக இருக்கின்றன. நாங்களும் அப்படி ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிப் போகும் எண்ணம் உள்ளவர்கள் வாங்க வேண்டாம், நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு கல் வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். ஜூனில் வந்து பார்த்தால் எல்லா வீடும் உலர்ந்துதான் இருக்கும்.