ஸ்கோப் மவுண்ட்: ஒன்றரை வருசம் போட்டுப் பார்த்த கதை

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க தென்னந்தோப்புலதான் பேப்பர் டார்கெட் வச்சு சுடுறது, பின்னாடி நல்ல மண்மேடு இருக்கு. 0.177 இன்ச் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடுற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், தூரம் 50 மீட்டர். ஏர் கன்னுக்கு அதுவே லாங் ரேஞ்சுதாங்க, சிரிக்காதீங்க.

ஸ்கோப்ப, அதாவது குறி பாக்குற தொலைநோக்கிய, துப்பாக்கி மேல புடிச்சு வைக்கிறதுதான் மவுண்ட். மொதல்ல போட்டது விலை கம்மியான ரெண்டு பீஸ் ரிங். ரெண்டு மாசம் ஒழுங்கா இருந்துச்சு, ஆடி பொறந்ததும் குரூப் (டார்கெட்ல குண்டுங்க சேர்ந்து விழுற எடம்) கீழ எறங்க ஆரம்பிச்சுது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்தப் பத்தி இங்க யாருக்கும் சொல்லவே வேண்டாம், மட்டை பிச்சுக்கிட்டு விழும், நானும் பழிய அது மேலயே போட்டு, ஸ்கோப்ல குறிய ஏத்தி எறக்குற டரட்டத் திருகிக்கிட்டே இருந்தேன், 11 கிளிக் ஆயிருச்சு. எம்ஓஏன்னா ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு, கால் எம்ஓஏ கிளிக்குன்னா 50 மீட்டர்ல ஒண்ணு சுமார் 3.6 மில்லி, அப்போ மொத்தம் 4 சென்டி!

மச்சான் ஒருநா வந்து பாத்துட்டு, "ஏன் மாப்ள, காத்து சைடுலதான தள்ளும், இதெதுக்கு கீழ போகுது?"ன்னு கேட்டாரு. ஸ்கோப்தான் போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்க இருந்தேங்க.

பாப்பாவோட நெயில் பாலிஷ எடுத்து ரிங்குலயும், அது மாட்டியிருக்கிற துப்பாக்கி மேல் ரெயில்லயும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். 30 பெல்லட் சுட்டதும் கோடு ரெண்டா பிரிஞ்சு நிக்குது, மவுண்ட் 2 மில்லி பின்னால வந்திருக்கு. ஸ்பிரிங் கன் மொதல்ல பின்னால உதைக்கும், பிஸ்டன் போய் முட்டுனதும் வெடுக்குனு முன்னால பாயும், அந்த ரெண்டாவது உதைலதான் ஸ்கோப் பின்னால நழுவுது. அதுல என் பங்கும் உண்டு, மழைக்குத் துரு புடிக்கக் கூடாதுன்னு ரெயில்ல தேங்காயெண்ண தடவி வச்சவனே நாந்தான்.

அப்புறம் 11 மில்லி டவ்டெயிலுக்கான (ரெண்டு பக்கமும் சரிவா வெட்டின ரெயில்) ஒன் பீஸ் மவுண்ட் வாங்கினேன், அடியில ஸ்டாப் பின் இருக்கும், அது ரெயில் ஓட்டைக்குள்ள எறங்கிரும். எண்ணெய சுத்தமா தொடச்சுட்டுத்தான் மாட்டினேன். ரிங் ஸ்க்ரூவ ஆலன் கீயோட நீளக் கையப் புடிச்சு மூச்சு முட்ட முறுக்காதீங்க, ஸ்கோப் ட்யூபுல தழும்பு விழுந்துரும், என்னோடதுல விழுந்திருக்கு. 15லேருந்து 18 இன்ச் பவுண்டு முறுக்கு போதும்.

ரொம்ப தூரம் சுடுறவங்க சொல்றாங்கன்னு, ஸ்கோப்ப முன்பக்கம் கீழ சாய்ச்சு வைக்கிற 20 எம்ஓஏ சாய்வு ரெயில் கேக்காதீங்க. அது பெரிய ரைஃபிள்ல 500, 1000 மீட்டர் போறவங்களுக்கு. நம்ம 50க்கு பேரல் முனை கீழ தொங்கலா இருந்தா மட்டும் கொஞ்சம் சாய்வு உதவும்.

மாட்டி ஒரு வருசம் தாண்டிருச்சு, கோடு நகரல. இந்த மழைல ஸ்க்ரூ தலை ரெண்டு துருப்புடிச்சிருக்கு, அதுக்குத்தான் பாலக்காட்டுல கடை கடையா ஏறி எறங்கிட்டு இருக்கேன்.