ஊர்ப் பயணத்தில் கைபேசி வரைபடத்தை நம்பி நடந்த அனுபவம்

ஊருக்குச் செல்லும்போது உறவினரின் வண்டிக்காகக் காத்திராமல், இயன்றவரை நடந்தும் மிதிவண்டியிலும் சென்றுவர வேண்டும் என்பது என் விருப்பம். இம்முறை வழி கேட்பதற்குக் கைபேசி வரைபடங்களையே பெரும்பாலும் நம்பினேன். கார் ஓட்டுபவருக்கு நெரிசலையும் மாற்றுவழியையும் நொடியில் சொல்லிவிடும் செயலி, நடப்பவரைப் பல இடங்களில் வேகம் குறைந்த கார் என்றே கருதுகிறது.

நடுவே தடுப்புச்சுவர் எழுப்பப்பட்ட பெருஞ்சாலையில் இது நன்றாகத் தெரிந்தது. சாலையும் குறுக்குத் தெருவும் இரு கோடுகளாக வரையப்பட்டு ஒரு புள்ளியில் சந்தித்தால், அங்கே கடக்கலாம் என்று நிரல் முடிவு செய்துவிடுகிறது. சுவர் இருப்பதை யாரேனும் தரவில் பதிந்திருந்தால் ஒழிய அதற்குத் தெரிய வழியில்லை. மறுபுறம், மக்கள் அன்றாடம் நடக்கும் ஆற்றங்கரை ஒற்றையடிப் பாதை தரவில் இல்லாததால், நடைபாதையே இல்லாத சாலை வழியாகச் சுற்றிவரச் சொல்கிறது. நடைபாதை இல்லாமல் இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வரியும் திரையில் தோன்றியது. நேர்மையான வரிதான்; இருட்டிய பிறகு லாரிகளுக்கு அருகே நடப்பவருக்கு அதனால் என்ன பயன்?

2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் வரையும் இணைய வரைபடம். நடைபாதை, ஒற்றையடிப் பாதை, வண்டித்தடம், படிக்கட்டு ஆகியவற்றை அது தனித்தனியாகப் பிரித்துப் பதிகிறது. தரை தாரா, சரளையா, மண்ணா என்றும் குறிக்க இடம் தருகிறது. ஆனால் இடம் இருப்பது வேறு, நிரப்பப்பட்டிருப்பது வேறு. அக்கறையுள்ள ஒருவர் நடந்து பதிந்த பகுதியில் சந்துகூடத் தவறவில்லை. அடுத்த பகுதியிலோ வண்டிச் சாலைகளைத் தவிர எதுவும் இல்லை. வரைபடத்தின் தரம் நிறுவனத்தைவிட அந்தந்த வட்டாரத்தில் யார் நடந்தார்கள் என்பதைப் பொறுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மலைப்பாதையில் சிக்கல் வேறு வகையானது. பல செயலிகள் காட்டும் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை), 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் அளந்த தரவிலிருந்து உருவாக்கப்பட்டவை. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் அளவு என்பதால், 10 மீட்டர் செங்குத்துப் பாறை அதில் மென்மையான சரிவாகக் கரைந்துவிடும். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் அளவீடு மரக்கூரையின் உயரத்தையும் ஓரளவு சேர்த்துக்கொள்கிறது. நேரக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. மணிக்கு 3 மைல், அத்துடன் ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்று ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த எளிய விதி, ஏற்றத்தைக் கணக்கில் கொள்ளாத செயலி சொல்லும் நேரத்தைவிட எவ்வளவோ நம்பத்தக்கது. அதுவும் வெயிலையும் வழுக்குப் பாறையையும் கணக்கில் கொள்ளாது.

மிதிவண்டிக்கான நிலை இன்னும் மோசம். மிதிவண்டி வழி என்ற தெரிவே பல பகுதிகளில் கிடைப்பதில்லை. நடைவழியைத் தேர்ந்தெடுத்தால் மேம்பாலப் படிக்கட்டில் கொண்டுபோய் விடுகிறது, கார்வழியைத் தேர்ந்தெடுத்தால் அதிவேகச் சாலையில். சைக்ளோஎஸ்எம் போன்ற மிதிவண்டி வரைபடத்தில் தரையின் தன்மையை முதலில் பார்த்துக்கொண்டு, வழியை நானே புள்ளி வைத்து வரைவதுதான் ஓரளவு பலித்தது.

வெளிநாட்டு சிம்முடன் வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில செயலிகள் பதிவிறக்கிய பகுதியில் இணையமின்றிக் கார் வழியை மட்டுமே சொல்லும்; நடைவழி கேட்டால் கைவிரித்துவிடும். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய செயலிகள் நடைவழியையும் மிதிவண்டி வழியையும் கைபேசியிலேயே கணக்கிடுகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகப் பெறப்படுவதால், தரவு இணைப்பை அணைத்துவிட்டாலும் நாம் நிற்கும் இடம் வரைபடத்தில் தெரியும். மின்கலமும் கூடுதல் நேரம் தாங்கும்.