மட்டனை விடுங்கள், அப்பளத்தைக் கேளுங்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்காட் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு வாழையிலைக் கடைக்கு மூன்று முறை போய்வந்துவிட்டு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், கடைக்கார அண்ணன் என் முகத்தை வேறு நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

முதல் தடவை கூட்டிக்கொண்டு போனது அத்தை மகன். அவன் கணக்கு எளிது: வெளியே ஆள் நின்றால் உள்ளே சாப்பாடு நல்லா இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு மணிக்கு ஆபீஸ் கூட்டம் நாற்காலி எங்கே காலியாகிறதோ அங்கே நிற்கும். அம்மா கணக்கு வேறு. மீன் குழம்பு ஊற்றியதும் பிசைய மாட்டார், ஓரத்தைப் பார்ப்பார். எண்ணெய் பிரிந்து சிவப்பாக நின்றால் "நல்லா கொதிக்க விட்டிருக்கான்", எல்லாம் ஒன்றாகக் கலங்கிக் கிடந்தால் "அவசரத்துல இறக்கிட்டான்". அதற்கு மேல் விசாரணை கிடையாது.

இந்தக் கடையைப் பற்றி யாரைக் கேட்டாலும் மட்டன் வறுவலைத்தான் சொல்வார்கள். நல்லாத்தான் இருக்கிறது. எலும்போடு, மிளகு தூக்கலாக, மசாலா கறியோடு சுருண்டு, நல்ல கறுப்பு. ஆனால் கறுப்பை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பொறுமையாக வதக்கினாலும் கறுக்கும், கடைசியில் கிச்சாப் (இனிப்பு சோயா சாஸ்) ஒரு கரண்டி விட்டாலும் கறுக்கும். 2001இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிரான்சின் போர்டோவில் ஒயின் படிப்பு படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வாசனைகளையெல்லாம் அதற்குச் சொன்னார்கள். படிக்கிறவர்களே அப்படி என்றால் பசியோடு உட்கார்ந்திருக்கிற நாம் எம்மாத்திரம்? விழுங்கிய பிறகு நாக்கில் லேசாக இனிப்பு நின்றால் கிச்சாப்பைச் சந்தேகப்படலாம். இங்கே நிற்கவில்லை.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். தனியாகக் காசு வாங்காமல் வைப்பதைத்தான் நான் பார்ப்பேன். மட்டனில் கை வைத்தால் வாடிக்கை போய்விடும் என்று எந்த முதலாளிக்கும் தெரியும். கோஸ் பொரியல், பாகற்காய் வறுவல், அப்பளம், ரசம் எல்லாம் இலையோடு வருகிறவை, கேட்டால் இன்னும் வைப்பார்கள். அதிலும் அப்பளம் பொய் சொல்லாது.

முதல் நாள் பன்னிரண்டு மணிக்கு அப்பளத்தை உடைத்தேன், பக்கத்து மேசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தமே பாதி ருசி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் ஆட்களை மைக் முன்னால் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கச் சொல்லி, கடிக்கிற சத்தத்தைக் கொஞ்சம் மாற்றி அவர்கள் காதிலேயே ஹெட்ஃபோன் வழியாகப் போட்டார்கள். கீச்சென்ற பகுதியைக் கூட்டினால் அதே சிப்ஸ் புதிதாக, மொறுமொறுப்பாகத் தெரிந்தது, குறைத்தால் நமத்த மாதிரி. 2004இல் வெளிவந்த ஆய்வு, 2008இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது, முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுப்பது அது.

இரண்டாவது முறை மதியம் இரண்டரைக்குப் போனேன். அப்பளம் உடையவில்லை, வளைந்தது. பெரிய பிளாஸ்டிக் டப்பா மூடி இல்லாமல் கிடந்ததை நானே பார்த்தேன். கோலாலம்பூர் ஈரக்காற்றுக்கு அது போதும். பாகற்காய் ரப்பர் மாதிரி இழுத்தது. ரசம் ஆறி, பூண்டு வாசனை போய், புளித்தண்ணீர் மட்டும் மிச்சம். மட்டன் மட்டும் அப்படியே இருந்தது!

மரியாதைக்கு இலையை என் பக்கமாகத்தான் மடித்தேன், ஆனால் காசு கொடுக்கும்போது சொல்லிவிட்டேன், "அண்ணே, அப்பளம் நமத்துப் போச்சு." அவர் கோபப்படவே இல்லை. "ரெண்டு மணிக்கு மேல வர்றவங்க மட்டனுக்குத்தான் தம்பி வர்றாங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷலின் கையேட்டின் முதல் பட்டியல் வந்ததே, அவர்கள் நட்சத்திரம் கொடுக்கப் பார்க்கிற ஐந்து விஷயங்களில் ஒன்று, எப்போது போனாலும் ஒரே தரமா என்பது. ஏசியும் அலங்காரமும் அந்த ஐந்தில் இல்லை. நம் அண்ணன் நட்சத்திரத்துக்கு ஆசைப்படவில்லை, சரிதான், ஆனால் இரண்டரைக்கு வருகிறவனும் அதே காசுதானே கொடுக்கிறான்.

மூன்றாவது முறை ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணி, அம்மாவோடு. டப்பாவுக்கு மூடி வந்திருந்தது. நான் சொன்னதாலா, அல்லது அன்றைக்கு மட்டும்தானா, தெரியாது. அம்மா குழம்பின் ஓரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

போகிறவர்கள் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். புழுங்கல் சோறு கேளுங்கள், ரசத்தைச் சோற்றில் ஊற்றவிடாமல் டம்ளரில் சூடாக வாங்குங்கள். மட்டன் ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும்.