சுகர் போகும் என்று விற்ற கடல்பாசி மாத்திரை: 6,400 ரூபாய் போச்சு

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

டவுனில் ஒரு இயற்கைப் பொருள் கடை. "மன்னார் வளைகுடா பாசி, மூணு மாசத்துல சுகர் நார்மல்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம். அம்மா பாம்பனில் மரிக்கொழுந்து பாசி என்ற கடல்பாசி எடுத்தே எங்களை வளர்த்தவர். "நம்ம பாசிதானே, என்ன செஞ்சிரும்" என்றார். கடைக்காரர் டப்பாவைத் திருப்பி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையையும் 14 இலக்க எண்ணையும் விரல் வைத்துக் காட்டினார். "சர்க்காரே டெஸ்ட் பண்ணிக் குடுத்த நம்பர்க்கா. இனிமே இங்கிலீஷ் மாத்திரை எதுக்கு?" அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பாசிக் காசு, 6,400 ரூபாய்.

அந்த எண் உணவுத் தொழில் செய்ய வாங்கிய உரிமத்தின் எண். சுகர் குறையும் என்பதற்கு அது சான்று இல்லை. அந்த ஆணையத்தின் 2016 விதிமுறைப்படி இந்த மாதிரி டப்பாவில் 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று போட வேண்டும். போட்டிருந்தார்கள், எறும்பு சைஸில், ஆங்கிலத்தில். உணவு என்று விற்றால் நோயைக் குணமாக்கும் என்று சொல்லக் கூடாது. மருந்து என்று விற்றாலும், சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்ய, மருந்து விளம்பரங்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. அதனால்தான் டப்பாவில் சுகர் என்ற பேச்சே இல்லை. எல்லாம் வாட்ஸ்அப்பிலும் வாய்ப்பேச்சிலும்தான்.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திய அம்மாவுக்கு சுகர் 380ஐத் தாண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைக்கு போன் போட்டால், "கெட்டது வெளியேறுதுக்கா, பொறுங்க." அப்புறம், "ஓனர் மதுரை போயிருக்கார்." நேரில் போய் நின்றதும், "இது சாப்பாட்டுப் பொருள்தானே, மருந்துன்னு யார் சொன்னா? டப்பாவுலயே போட்டிருக்கே!" விற்கும்போது மருந்து, பணத்தைத் திருப்பிக் கேட்டால் சாப்பாடா? 6,400 ரூபாய்! பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடைப் பெயர்கூட இல்லை.

சரி, பார்க்க வேண்டியவை. டாக்டரைக் கேட்காமல் சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். டப்பாவில் இல்லாததை வாயால் சொன்னால் வாங்காதீர்கள். பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். விளம்பர மெசேஜை அழித்துவிடாதீர்கள், பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். டப்பாவோடு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.